துரும்பு ஏந்திய கை

பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்வோர் காண்பது கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டையை அன்று. அக்கோட்டை 1799ஆம் ஆண்டு மேஜர் பானர்மன் படையிடம் வீழ்ந்தது. 1801இல் மீண்டும் எழுந்து, அதே ஆண்டு மே திங்களில் கர்னல் அக்னியூவின் பீரங்கிகளுக்கு இரையாயிற்று. பின்னர் மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. இடித்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று அவ்வட்டாரத்தார் சொல்வர். ஊரின் பெயரைக்கூட ஏடுகளில் இல்லாமற் செய்ய முனைந்தது கும்பினி ஆட்சி. இன்று அங்கே நிற்பது, கலைஞர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. அதன் மண்டபச் சுவர்களில் கட்டபொம்மன் வரலாற்றைத் தொடர்ச்சியாகக் கூறும் ஓவியங்கள் உள்ளன.

நாமும் சென்றோம், அவ்வோவியங்களின் முன் நின்றோம். பள்ளிச் சிறுவர் கூட்டம் ஒன்று வந்திருந்தது. ஆசிரியர் கைகாட்டிச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் விழி விரியப் பார்த்தனர். எழுத்தறியா உழவனும் தன் மண்ணின் வரலாற்றை அறிந்து திரும்ப அச்சுவர் உதவுகிறது. அதனை இகழ நாம் வரவில்லை. ஆயினும் மண்டபத்தை விட்டு வெளியே வந்து, வானம் தொடும் வரை விரிந்து கிடக்கும் கரிசல் வெளியை நோக்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. நடந்ததைச் சொல்லும் ஓவியம் இங்கே இருக்கிறது. நடந்ததன் பொருளைச் சொல்லும் ஓவியம் எங்கே?

பகைவனுக்கு அந்தக் கலை தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை! கோட்டையை இடித்தது போர்த் தொழில். இடித்த இடத்தை உழுவது எதற்கு? பண்டைத் தமிழ் மன்னரும் தம் பகைவரின் ஊரை அழித்த பின் கழுதை ஏர் பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்தனர் எனப் புறப்பாட்டு கூறும். விளைச்சலுக்காகவா விதைத்தனர்? "இனி இது அரண் அன்று; ஆள் நடமாட்டமற்ற வெறுநிலம்" என்று வாய் திறவாமல் ஊரறியச் சொல்வதற்கு! ஒரு பொருளைக் காட்டி வேறொரு கருத்தை உள்ளத்தில் ஊன்றும் இத்திறத்தையே கலைநூலார் குறியீடு என்கின்றனர். ஆண்டவர்கள் இதனை நன்கு கையாண்டனர். ஆளப்பட்டவர்களுக்காகத் தூரிகை எடுத்தவர்கள் இதனைக் கையாண்டார்களா என்பதே நாம் ஆராய விரும்புவது.

இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட சேதுபதியின் பெருமை அந்த அரண்மனைச் சுவர்களில் வண்ண வண்ணமாய்த் தீட்டப்பட்டிருக்கிறது. தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியரை வரவேற்கும் அவை, அந்தப்புரக் களியாட்டம் எல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவே, இராசராசேசுவரி அம்மன் தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் வழங்கும் காட்சி! செங்கோல் எங்கிருந்து வந்தது? குடிமக்கள் தந்ததன்று, தெய்வம் தந்தது. ஆகவே கேள்வி கேட்காதே! அந்தப் படத்தின் பொருள் இதுதான். 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரவழைத்து, அமர இருக்கை தராமல் நிற்க வைத்துக் கேள்வி கேட்டதும் இதே அரண்மனையில்தான். ஐரோப்பியன் கைகட்டி நிற்பதாகத் தீட்டிய சுவருக்குள், பாளையக்காரன் ஐரோப்பியன் முன் நின்றான். வண்ணம் மாறவில்லை, உலகம் மாறிவிட்டது.

அரண்மனைச் சுவரில் இருந்த இந்தச் செங்கோல் ஏழையின் குடிசைச் சுவருக்கு வந்து சேர்ந்த கதையைக் காண, கரிசல் நாட்டின் நடுவில் உள்ள கோவில்பட்டிக்கு வரவேண்டும்.

சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலை இரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். பின்னர் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து திரைச்சீலை தீட்டியவர். 1942இல் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. குழுவினர் பலர் ஊர் திரும்பினர். அவரோ அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கினார். சுப்பையா, அருணாசலம், இராமலிங்கம் முதலிய மாணவர்கள் அவரிடம் தொழில் கற்றனர். அருகே சிவகாசி. அங்கே தீப்பெட்டிகளுக்கு ஒட்டும் சீட்டு அச்சிடவே முதலில் வளர்ந்த அச்சுத் தொழில், நாட்காட்டிகளைப் பல்லாயிரக் கணக்கில் அடித்துத் தள்ளத் தொடங்கியது. கோவில்பட்டியில் தீட்டிய கடவுளர் சிவகாசியில் அச்சேறி, கடைக்காரர்களின் புத்தாண்டு அன்பளிப்பாய்த் தமிழ்நாட்டின் வீடுதோறும் சென்று தொங்கினர்.

கொண்டையராஜுவின் கைத்திறன் பெரிது. நாடகத் திரையில் விளக்கொளி விழும் அழகை அறிந்த கண் அவருடையது. அவர் தீட்டிய மீனாட்சி கல்யாணத்தில் பட்டின் மடிப்பையும் அணிகளின் ஒளியையும் கண்டு வியவாதார் இல்லை. எளிய வாழ்வு வாழ்ந்தவர் என்றே அவரை அறிந்தோர் கூறுகின்றனர். கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் கடல் கடந்து வந்து அவர் கலையை ஆராய்ந்தார். நம்மவரோ நாட்காட்டிப் படம் என்று சொல்லி நகர்ந்துவிட்டனர். இந்தக் குறையை ஒப்புக்கொண்ட பிறகே நம் மறுப்பைச் சொல்கிறோம்.

நாட்காட்டிகளில் நாம் காணும் திருமகளின் உள்ளங்கையிலிருந்து பொற்காசு சொரிகிறது. எங்கிருந்து வந்தது காசு? உழைத்தவன் யார்? படத்தில் அவன் இல்லை. காசு கையிலிருந்து பிறக்கிறது. கை தெய்வத்தின் கை. மழை பொய்த்த ஆண்டில் பருத்தியும் கம்பும் கருகிப்போக, தீப்பெட்டிக் கட்டு ஒட்டிக் கால்வயிறு கழுவிய குடும்பம் அந்தப் படத்தின் கீழ் அமர்ந்துதான் ஒட்டியது. அவர்கள் விரல் நுனியில் பசை. பெட்டியின் மேல் மயிலோ மானோ தாமரையோ! ஆயிரமாயிரம் படங்களை நாள்தோறும் கையால் தொட்டவர்கள் கரிசல் நாட்டுப் பெண்கள். அவர்களோடு நெடுங்காலம் சிறுமியரும் சிறுவரும் உழைத்தனர். சுவரில் படம், பெட்டியில் படம், பானைக்குள் ஒன்றுமில்லை. அந்தப் படங்களில் ஒன்றிலாவது ஒட்டிய கை இடம்பெற்றதா?

தோழர்கள் இங்கே நம்மைத் திருப்பிக் கேட்கலாம்: "கொண்டையராஜுவைக் கேட்கிறீர்களே, நம் இயக்கம் என்ன தீட்டியது?" சரியான கேள்வி. விடை கூறக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மேடையை வென்றோம். நாடகத்தை வென்றோம். திரைப்படத்தை வென்றோம். ஏடுகளை எண்ணில் அடக்க முடியாது. படத்தின் வலிமையையும் நாம் அறியாதவர்கள் அல்லர். அறியாதிருந்தால் 1956 ஆகஸ்டு முதல் நாள் இராமன் படத்தை எரிக்கும் கிளர்ச்சியைப் பெரியார் ஏன் அறிவிக்க வேண்டும்? வெறும் தாள் என்று அவர் எண்ணவில்லை. அதைக் காக்க முனைந்தவர்களும் எண்ணவில்லை. ஆனால் அந்தத் தாளை அகற்றிய இடத்தில் மாட்ட நம்மிடம் என்ன இருந்தது? தலைவர்களின் உருவப்படம் இருந்தது. உருவப்படத்துக்கு மாலை விழும். சூடமும் காட்டிவிடுவார்கள் சிலர்! பழைய ஆணி, பழைய சட்டம், உள்ளே முகம் மட்டும் புதிது.

நம்மிடம் ஒரே ஒரு சிறந்த குறியீடு உண்டு. அது கழகக் கொடி. கரிய துணி, நடுவே செவ்வட்டம். நம் இழிநிலையைக் கருமை சொல்ல, அதனைப் போக்கும் முயற்சியைச் செம்மை சொல்லும். எழுத்தறியாதவனும் ஒருமுறை கேட்டால் மறவான். அவன் பிள்ளைக்கு அவனே சொல்வான். அதில் முகமில்லை, ஆயுதமில்லை, தெய்வமில்லை. அத்தனை எளிமையும் ஆழமும் உள்ள ஒன்றைக் கொடியில் கண்ட நாம் ஓவியத்தில் காணத் தவறினோம். கட்டபொம்மனுக்கு முகம் தந்ததுகூடத் திரைப்படமே. அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்த கணேசனைச் 'சிவாஜி' என அழைத்தவர் பெரியார். அந்தச் சிவாஜி கணேசன் 1959இல் கட்டபொம்மனாகத் திரையில் தோன்றினார். அன்று முதல் சிலையானாலும் சுவரொட்டியானாலும் பலவற்றில் அவர் மீசை, அவர் நடை, அவர் முழக்கம்! நடிகரின் ஆற்றலுக்கு அது சான்று. ஓவியரின் சோம்பலுக்கும்தான்.

வெளி நாடுகளில் என்ன செய்தனர்? 1937இல் எசுப்பானியாவின் கெர்னிகா நகர் மீது குண்டு பொழியப்பட்டது. பிக்காசோ அதனை ஓவியமாக்கினார். அந்தப் பெரும் படத்தில் வானூர்தி ஒன்றுகூட இல்லை. குண்டு வீசியவனின் சின்னமும் இல்லை. அலறும் குதிரை, இறந்த குழந்தையை ஏந்திய தாய், ஒடிந்த வாளைப் பிடித்த கை, மேலே எரியும் மின்விளக்கு. கறுப்பு, வெளுப்பு, சாம்பல் நிறம் தவிர வேறு வண்ணமும் இல்லை. வீசியவனைத் தீட்டியிருந்தால் அது ஒரு போரின் படமாய் நின்றிருக்கும்; விழுந்தவர்களைத் தீட்டியதால் எல்லாப் போருக்கும் அது பொருந்துகிறது. செர்மனியில் கேத்தே கோல்விட்சு என்ற அம்மையார் நெசவாளர் கிளர்ச்சியை வரிசைப் படங்களாக்கினார். அவருக்குப் பரிசு வழங்க வந்த பரிந்துரையைப் பேரரசன் ஏற்க மறுத்தான். 1914இல் அவருடைய இளைய மகன் போரில் மடிந்தான். அதன் பின் அவர் படைத்த தாய்மார்கள் தம் பிள்ளைகளைச் சுற்றிக் கையை வேலியாக்கி நிற்பார்கள். ஒருத்தியின் துயரம் ஊரின் துயரமானது அப்படித்தான். நம் நாட்டிலேயே, 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தபிரசாத் கால்நடையாய்ச் சென்று கருமையால் தீட்டிய படங்களைப் புத்தகமாக்கியபோது வெள்ளை அரசு அதனைக் கைப்பற்றிக் கொளுத்தியது. படத்தைக் கண்டு அரசு அஞ்சியது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தீட்டினார். சாதகக் கட்டங்கள், படிக்க இயலாத எழுத்துகள், விலங்குகள், கோலங்கள்! புதுமைதான். அவர் வழியில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமமும் எழுந்தது. ஆயினும் படிக்க இயலாத எழுத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முதலில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவனுக்கு எல்லா எழுத்தும் அப்படித்தான் இருந்தன. அவனுக்கு அதில் என்ன வியப்பு? அதே ஓவியப் பள்ளியில் அவருக்கு முன் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. நால்வர், ஒரு பாறை. அவ்வளவே. அது என்ன பாறை என்று வழிப்போக்கர் எவரும் விளக்கம் கேட்டதில்லை.

குறியீட்டை நாடு நாடாய்த் தேடி ஓடவேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சியிலேயே கிடக்கிறது.

கட்டபொம்மனின் தம்பி குமாரசாமியை மக்கள் ஊமைத்துரை என்றனர். பேச்சு வராதவன். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையினின்று மீட்கப்பட்டு, இடிந்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பியவன். மார்ச் 31ஆம் நாள் மேஜர் மெக்காலேயின் தாக்குதலை முறியடித்துத் துரத்தியவன். அவனை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்த ஜேம்சு வெல்ஷ் என்பவர் 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அவனைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். பேச இயலாத அம்மனிதன் போர் ஆணையை எப்படிச் சொன்னான்? வைக்கோல் துரும்புகள் சிலவற்றைப் பொறுக்குவான். இடது உள்ளங்கையில் அடுக்குவான். அவைதாம் வெள்ளையர் படை. வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ஓர் ஓசை எழுப்புவான். அதுவே தாக்குதலுக்கு அடையாளம். அவனைச் சூழ்ந்து நின்றோர் அதைக் கண்டு பாய்ந்தனர் என்கிறார், பகைவராய் நின்று பார்த்த அந்த வெல்ஷ்.

எண்ணிப் பாருங்கள்! பேச்சின்மை அவன் ஒருவனுடைய தனிக்குறை. அந்தக் குறையிலிருந்து அவன் கண்டெடுத்த கைமொழி ஒரு நாட்டுப்புறத்தின் போர்மொழியாயிற்று. உலகை ஆளப் புறப்பட்ட பேரரசு, கையளவு துரும்பு! வாளை உருவிய ஆயிரம் படங்களில் இல்லாத துணிவு அந்த ஓர் உள்ளங்கையில் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து நாடெங்கும் போனது காசு சொரியும் கை. பாஞ்சாலங்குறிச்சி தந்தது துரும்பு ஏந்திய கை. முன்னதைப் பார்த்தவன் கைநீட்டிக் காத்திருப்பான். பின்னதைப் பார்த்தவன் எழுந்து நிற்பான். இந்தக் கையை மட்டும் சுவரளவு பெரிதாக எந்த ஓவியரும் தீட்டி நாம் கண்டதில்லை.

வெல்ஷ் இன்னொன்றும் எழுதுகிறார். கோட்டை வீழ்ந்த பின், தப்பியோடியவர்களில் பலர் வழியில் வெட்டுண்டு கிடந்தனர். ஒரு தாய் தன் மகனைத் தேடி அந்தக் களத்துக்கு வந்தாள். மகன் குற்றுயிராய்க் கிடந்தான். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகே காயம்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அவள் அப்படியே செய்தாள். ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று தன் வீட்டில் கிடத்தினாள். எட்டயபுரத்தார் தேடி வந்தபோது பெண்கள் அவன் மேல் துணியைப் போர்த்தி, பெருங்குரலில் ஒப்பாரி வைத்து, பிள்ளை அம்மை நோயில் இறந்துவிட்டான் என்றனர். வந்தவர்கள் ஊரைவிட்டே அகன்றனர்.

அரசியல் மேடையில் இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஊமைத்துரை தப்பியதோடு நிறுத்திக்கொள்வர். நாம் அந்தத் தாயிடமே நிற்க விரும்புகிறோம். அவள் வைத்த ஒப்பாரி பொய் அழுகையா? அவள் மகன் உண்மையில் களத்தில் சாகக் கிடக்கிறான்! போர்வைக்குள் இருப்பவன் உயிரோடிருக்கிறான். அழுகை வெளியே கிடப்பவனுக்கு. பகைவனை ஏமாற்றிய அழுகையும் பெற்ற வயிறு எரிந்த அழுகையும் ஒரே குரல்தான். அம்மை என்றால் ஆத்தாளின் சீற்றம் என்று நடுங்கிய மூடநம்பிக்கையையே அந்தப் பெண்கள் கேடயமாக்கினர் என்பதையும் பகுத்தறிவாளர் கவனிக்கலாம். ஒரு போர்வை, அதைச் சுற்றிப் பெண்கள், வாயிற்படியில் பின்வாங்கும் கால்கள். ஓவியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோல்விட்சு அம்மையாருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால்! அந்தப் பெண்ணின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. அவளுக்கு முகம் தர நடிகையர் எவரும் இல்லை. ஆகவே அவளைத் தீட்டுபவன் தானே சிந்தித்துத் தீட்ட வேண்டியிருக்கும்.

சாதி வேறுபாட்டைக் கடந்து நின்றது அந்தப் படை என்று பேசுகிறோம். அப்படியானால் கவர்னகிரிச் சுந்தரலிங்கத்தின் இடம் எது? ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து, கட்டபொம்மன் படையில் தளபதியாய் நின்று, வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கை அழித்துத் தானும் அதிலே மடிந்தான் என்று மக்கள் கதை பாடும் வீரன் அவன். 1997ஆம் ஆண்டு அவன் பெயரை அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குச் சூட்டினர். பேருந்தின் நெற்றியில் எழுதிய அந்தப் பெயரைப் பொறுக்காத சாதி வெறி தென் மாவட்டங்களில் கலவரமாய் வெடித்தது, உயிர்கள் போயின. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களையும், அவற்றோடு மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் அரசே நீக்க வேண்டியதாயிற்று. 1801இல் கும்பினி ஓர் ஊரின் பெயரை அழித்தது. 1997இல் ஒரு வீரனின் பெயரை எழுத நம்மவரே விடவில்லை.

கட்டபொம்மனைத் தீட்டுவதில் இன்று யாருக்கும் இடரில்லை. வெள்ளையன் போய் நெடுங்காலம் ஆயிற்று. போன பகைவனை எதிர்த்து வாள் உருவுவது எளிது. இன்று இருக்கும் பகையைத் தீட்டுவதில்தான் ஓவியனின் கை நடுங்குகிறது. ஊர்ப்புறங்களில், சேரியின் சுவர்களில், பெயர் தெரியாத சுவர் ஓவியர்கள் நடுங்காமல் தீட்டுகிறார்கள்: நீலச் சட்டை அணிந்த அம்பேத்கர், ஒரு கையில் புத்தகம், மறு கை தொலைவைச் சுட்டும். கோவணத்தோடு நிறுத்தப்பட்டவனின் தலைவன் முழுக்காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து நிற்பதே ஒரு முழக்கம். எழுத்து மறுக்கப்பட்டவன் கையில் புத்தகம் இன்னொரு முழக்கம். ஓவியக் கல்லூரியில் பயிலாத கை இதனைச் செய்தது. திரைப்படத்திலும் அந்த வட்டாரத்து மாரி செல்வராசு 2021இல் எடுத்த 'கர்ணன்' படத்தில் முன்கால் கட்டப்பட்ட கழுதை ஒன்று வருகிறது. ஊரார் நிலையை ஒரு சொல்லும் இன்றி அது சொல்லிவிடுகிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுதோறும் கற்றுத் தேர்ந்து வெளிவரும் இளைஞர்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு சுவர் கொடுத்தால் என்ன? அரசு கேட்பதற்கு முன் நம் மன்றங்கள் கேட்கலாமே!

சுந்தரலிங்கத்தை அவர்கள் எப்படித் தீட்டுவார்கள் என்று காண ஆவலாயிருக்கிறோம். அவன் காலத்து உருவப்படம் எதுவும் இல்லை. படி எடுக்க நடிகர் முகமும் இல்லை. வெடிமருந்தின் நெருப்பைத் தீட்டுவார்களா, பேருந்தின் நெற்றியில் சுரண்டிய பெயர்ப்பலகையைத் தீட்டுவார்களா? ஊருக்கு ஊர் அம்பேத்கர் சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள், சிலையை உடைத்துவிடுவார்கள் என்று அஞ்சி. நினைவுக் கோட்டையை விட்டு நாம் திரும்பிய சாலையிலும் அப்படி ஒன்று நின்றது. கூண்டுக்குள் சிலை, சிலையின் விரல் மட்டும் கம்பிகளுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.